ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு

எங்கள் ஊரிலிருந்து துறைமுகம் போகும் காலை பஸ்ஸில் இரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். ஒடிசலான உடம்பு, மை படிந்த விரல்கள். டைப் அடிக்கையில் வரி முடியும் இடத்தில் இங்கிலீஷ் வார்த்தையை எங்கே உடைப்பது என்பது அவருக்கு அத்துப்படி. எங்கே அழுத்திச் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை.

கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் இங்கிலீஷில் பேசும் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். அதற்காக வழியெல்லாம் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டி அந்த அழுத்தத்தைப் பழகுவார். ‘லைட்ஹவுஸ்’ என்றால் முன்பாதிக்கு ஓங்கி, பின்பாதிக்கு மெதுவாகத் தட்ட வேண்டும். அவருக்கோ நம் எல்லோரையும் போல இரண்டும் ஒரே கனத்தில் விழும். எனக்குத் தலை வலிக்கும்.

இண்டர்வியூவுக்கு மறுநாள் கம்பி சும்மா இருந்தது.

“என்ன அண்ணாச்சி, நல்லாப் பேசுனியளா?”

“வயசு தாண்டிட்டுன்னு வாசல்லயே அனுப்பிட்டாவ தம்பி. ஒரு வார்த்தை பேசச் சொல்லலியே.”

அப்புறம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். உப்பளம் தாண்டும்போது விரல் தானாகக் கம்பிக்குப் போனது. முதல் தட்டு ஓங்கி விழுந்தது. அடுத்தது, அசதியில், மெதுவாக.

மிகச் சரியாக இருந்தது. கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.