ஓட்டுச்சாவடியில் கேட்ட என் பெயர்

சீர்காழியில் நாங்கள் குடியேறிய புதிதில், வாக்காளர் பட்டியலில் என் மனைவி தமிழரசிக்கு வேறு புருஷனைப் போட்டுவிட்டார்கள்.

அப்போது நான் பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து, ரைஸ் மில்களுக்கு விற்றுக்கொண்டிருந்தேன். வீடெல்லாம் சணல் வாசனை... தலையணையில்கூட உமித்தூசி. பெயர் சேர்க்க ஒரு வாத்தியார் வீடு வீடாக வந்த அன்று நான் மில்லில் இருந்தேன்; என் பெயரை முன்பே தாலுகா ஆபீஸில் கொடுத்துச் சேர்த்திருந்தேன்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்த வீட்டுப் பெண் அவள். என் பெயரோ வைத்தீஸ்வரன். பக்கத்தில் இருக்கும் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு பஸ் ஏறினால்கூட, கண்டக்டரிடம் "அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட்டு" என்றுதான் கேட்பாள்.

வாத்தியாரிடமும் ஜாடைதான். "வியாதி தீக்கிற சாமி பேருங்க சார்." சொல்லிவிட்டு, உலை பொங்குகிறதென்று உள்ளே ஓடிவிட்டாள். அவர் யோசித்து, எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தேர்தலுக்கு முன்னால் அவளுக்கு பூத் சீட்டு வந்தது. கணவர் பெயர்: தன்வந்திரி!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"முன்ன இருந்த பூம்புகார்ல என் பேரை அடிச்சிட்டாங்க. இங்கயும் இல்லன்னா நான் எந்த ஊருங்க?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஓட்டு நாளன்று, பள்ளிக்கூடத்துச் சாவடியில் ஒரு கட்சி ஏஜெண்ட் சீட்டைப் பார்த்ததும் எழுந்தார். "இவங்க சாக்குக்கடைக்காரர் சம்சாரம் சார். அவர் பேரு தன்வந்திரி இல்லியே!"

அப்போது பட்டியலில் போட்டோ கிடையாது. அதிகாரி அவளையே கேட்டார். "வீட்டுக்காரர் பேரைச் சொல்லும்மா."

"இதோ ஆம்பளைங்க வரிசையில நிக்கிறாங்க. அவங்களையே கேளுங்க சார்."

"ஓட்டு உன்னுது. நீதான் சொல்லணும். இல்லன்னா நகரு."

"தன்வந்திரியை வரச்சொல்லுங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வரிசையே சிரித்தது.

போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்...

"வைத்தீஸ்வரன்."

பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

அதிகாரிக்கு விஷயம் புரிந்து சிரிப்பு வந்துவிட்டது. "சாமியை மாத்திட்டாரு வாத்தியாரு. எழுத்துப்பிழைதான், விடுங்க" என்று ஏஜெண்டை உட்காரவைத்தார். விரலில் மை வைத்தார்கள். வீடு வரும்வரை அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது.

இப்போது பட்டியலில் போட்டோ இருக்கிறது. வீடு மாறினால் போனிலேயே விண்ணப்பிக்கலாம். போன மாதம் புது வீட்டுக்கு வந்ததும் தமிழரசியே உட்கார்ந்து எல்லாம் நிரப்பினாள். கணவர் பெயரை டைப் அடித்தபோது அவள் விரல் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

வியாபாரியாகச் சொல்கிறேன், இதுதான் சரி. ஒருத்தர் ஓட்டு இன்னொருத்தர் ஊகத்தில் தொங்கக் கூடாது.

ஆனாலும்... இனி யாரும் அவளிடம் வாய்விட்டுக் கேட்கப் போவதில்லையே.

"ஒரு தடவை சொல்லேன்."

"எதைங்க?"

"இப்ப டைப் அடிச்சியே, அதை."

"அய்ய, பேரன் எடுத்த வயசுல ஆசையைப் பாரு!"

நான் விடவில்லை, தேர்தலுக்கு ஒரு தரமாவது சொல் என்று பேரம் பேசினேன். பாராளுமன்றம், சட்டசபை இரண்டுக்கு மட்டும்தான் என்று பிடிவாதமாக நின்றாள். கடைசியில் படிந்தது இப்படி: தேர்தலுக்குத் தேர்தல், ஓட்டுப் போட்டு வெளியே வந்ததும், ஒரு தரம் என் பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளாட்சியும் சேர்த்தி. இடைத்தேர்தலுக்குக் கிடையாது.