சித்தேரி இறக்கத்தில் சார்ஜ் ஏறியது

என் கணவருக்குப் பழக்கமான வண்டிகள் எல்லாம் உறுமுகிறவை. சாவியைத் திருப்பினால் வண்டியோடு சேர்ந்து டீக்கடைப் பெஞ்சும் அதிர வேண்டும், அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வரும். வடநாட்டு லைனில் லாரி ஓட்டியவர். கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைவிட ஃபோனில் பேசிக்கொண்ட நாட்களே அதிகம். அப்படிப்பட்டவரைப் பிடித்து, மிக்சி போடும் சத்தத்தில் பாதிகூடப் போடாத ஒரு காரை விற்க உட்காரவைத்தேன் என்றால் என் துணிச்சலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசனையைக் கொடுத்தவன் என் சித்தி மகன். பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறான். அங்கே ஒரு கம்பெனி தன் மின்சாரக் கார்களை, அதிகம் ஓடிவிட்டன என்று கழித்துக்கட்டுகிறது, மலிவாகக் கிடைக்கும், நம் பக்கம் கொண்டுவந்து விற்றால் நல்ல லாபம் நிற்கும் என்றான். ஃபோனை வைத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைய குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். என் கணவர் அதைச் சாப்பிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும்போதே விஷயத்தைச் சொன்னேன்.

பத்து நாள் நச்சரித்த பிறகு, ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். “ஆடி பொறக்கறதுக்குள்ள மொத வண்டி வித்துச்சுன்னா நான் வூட்லயே இருந்துக்கறேன். விக்கலன்னா மறுபடி லாரிதான். அப்பறம் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது.”

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். லாரி முதலாளியும் அதுவரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். என் கணவர் லாரிக்கு எடுத்துப்போகும் நீல ரெக்சின் பை, லுங்கியும் போர்வையும் மடித்துவைத்தபடி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வீடு கூட்டும்போதெல்லாம் துடைப்பக்கட்டையால் அதை ஒரு இடி இடிப்பேன்.

வண்டி அதியமான்கோட்டைக்கு வந்து, எங்கள் வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் நின்றது. வெள்ளை நிறம், கதவில் கம்பெனி ஸ்டிக்கரை உரித்த தடம். பார்க்க வந்த முதல் ஆள் சாவியைத் திருப்பினார். சத்தம் இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி திருப்பி அணைத்தார். மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். கடைசியில் பானெட்டைத் திறந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, இதில் உயிரே இல்லையே என்று போய்விட்டார். என் கணவர் அவரைத் தடுக்கவில்லை. அவருக்கும் அதே சந்தேகம்தான்.

அவருக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவர் மீட்டரைக் குறைத்துவைக்கச் சொன்னார். டீசல் வண்டிகளில் எல்லாரும் செய்வதுதானாம். எனக்கு வந்ததே கோபம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியும் இன்னும் ஓடுகிறது என்பதுதான் இந்த வண்டியின் பெருமையே, அதைப் போய் மறைப்பார்களா? ஸ்கெட்ச் பேனாவால் ‘ஒன்றரை லட்சம் ஓடியது, இன்னும் ஓடும்’ என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் படித்துச் சிரித்தார்கள். சிரிக்க நின்றவர்களில் சிலர் விலையும் கேட்டார்கள்.

வாங்க ஆள் வரும்வரை வண்டி சும்மா நிற்கிறதே என்று நான் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸ் எப்போதோ எடுத்தது, எடுத்ததோடு சரி. சர்வீஸ் ரோட்டில் ஆட்டுக்கும் கோழிக்கும் வழிவிட்டு ஓட்டுவேன். மேம்பாலத்தில் ஏறுவதற்குப் பயமில்லை, இறங்கத்தான் பயம். இறக்கம் வந்தால் காலை எடுத்துவிட்டு முருகா என்று உட்கார்ந்திருப்பேன். வண்டி தானாக வேகத்தை அடக்கிக்கொள்ளும். அந்த நேரம் முன்னால் இருக்கும் முள் பச்சைப் பக்கம் சாயும். சித்தி மகனைக் கேட்டேன். இறக்கத்தில் சக்கரமே கரண்ட் உண்டாக்கி பேட்டரிக்குள் அனுப்புகிறது, ஆனால் வண்டி கியரில் இருந்தால்தான் என்றான். பயந்தாங்கொள்ளிக்குப் பரிசு கொடுக்கிற வண்டி! எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இதை என் கணவரிடம் சொன்னேன். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிவிட்டு டீசலை மிச்சம் பிடிப்பது லாரிக்காரர்களின் பழக்கம். அப்படிச் செய்யாதீர்கள் என்று தொப்பூர் கணவாயில் போர்டு வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துக்கொண்டே நியூட்ரலில் போவார்கள். “மிச்சம் புடிக்கறத லாரிக்காரனுக்கே சொல்லித்தரியா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆடிக்கு நாள் நெருங்கியபோது பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பாத்திரக்கடை பாய் கூப்பிட்டார். கல்யாண வீடுகளுக்கு அண்டா, குண்டான்களை வாடகைக்கு விடுகிறவர். சித்தேரி மலைக்கும் அனுப்புவார். ஜீப்காரர்கள் கேட்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை, சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்றார். விலை விஷயத்தில் பெரிதாகப் பேரம் பேசவில்லை. ஒரே ஒரு சோதனை வைத்தார். தன் கடையிலிருந்து பாத்திரம் ஏற்றிக்கொண்டு சித்தேரிக்குப் போக வேண்டும், நடுவில் சார்ஜ் போடாமல் கடைக்கே திரும்ப வேண்டும். திரும்பினால் வண்டி அவருடையது.

கிளம்பிய அன்று நானே நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பாய் கடையில் அண்டாக்கள் ஏறின. என் கணவர் ஓட்டினார், பாய் பக்கத்தில். பின்னால் நானும் பாயின் மனைவியும். அந்த அக்கா அதிகம் பேசவில்லை. கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், சீட்டை அமுக்கிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு செய்ய மாட்டார்கள்.

மலை ஏற ஏற அண்டாக்கள் பின்னால் மேளம் கொட்டின, என் நெஞ்சும் சேர்ந்து கொட்டியது. வளைவுக்கு வளைவு சார்ஜ் இறங்கியது. மேலே போய்ப் பாத்திரங்களை இறக்கியபோது பதினெட்டு சதவீதம் இருந்தது. போதுமா என்று பாய் கேட்டார். “இறக்கந்தானுங்க பாய், ஒண்ணுமே செலவாகாது,” என்றார் என் கணவர்.

சொன்னபடியே செய்தார். முதல் வளைவு தாண்டியதும் நியூட்ரலில் போட்டு உருட்டிவிட்டார். செலவாகவில்லை, உண்மைதான். வரவும் இல்லையே! மலையடிவாரத்திலிருந்து கடைவரைக்கும் சமதரையில் நெடுந்தூரம் கிடக்கிறது. பதினெட்டை வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது என்று எனக்குத் தெரியும். நாலாவது வளைவில் பிரேக் தீய்ந்த வாடை வந்தது. பாய் வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த நீலப் பை ஞாபகம் வந்தது.

வாயைத் திறக்கலாமா? லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நீயே ஓட்டு என்று இறங்கி நிற்பார்கள். சொன்னவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், மறுபடி அவரே ஏறுவார். ஊர் ஊராகப் போனாலும் இந்தச் சட்டம் மாறாதாம். என் கணவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அது ஞாபகம் வந்ததும் எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னேன். “ஏங்க, நியூட்ரல்ல ஓட்டாதீங்க. கியர்ல போடுங்க.”

நினைத்தது நடந்தது. வண்டி ஓரமாக நின்றது. கதவைத் திறந்து இறங்கி, மலையைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டினார்.

“அப்ப நீயே ஓட்டு.”

“சரிங்க,” என்று இறங்கிப்போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருட லாரி வாழ்க்கையில் யாரும் சரியென்று சொன்னதில்லை போலிருக்கிறது. பாய் குழம்பிப்போய்ப் பின்சீட்டுக்கு மாறினார், என் கணவர் அவர் பக்கத்தில் ஏறினார். முன்னால் என்னோடு வந்து உட்கார்ந்தது அந்த அக்கா.

கியரில் போட்டேன், காலை எடுத்தேன், முருகனைக் கூப்பிட்டேன். மேம்பாலம் எங்கே, சித்தேரி மலை எங்கே! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஆனால் வண்டி பசுமாடு மாதிரி அடக்கமாக இறங்கியது. முள் பச்சைப் பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றது. இரண்டு வளைவு தாண்டியதும் பத்தொன்பது ஆனது.

“ஏறுதும்மா,” என்றார் அக்கா, முதல்தடவையாக.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. கண்ணைச் சார்ஜ் காட்டும் இடத்தைவிட்டு எடுக்காமல், ஏலம் விடுகிறவர் மாதிரி இருபது, இருபத்தொண்ணு என்று கூவிக்கொண்டே வந்தார். பின்னாலிருந்து பாயும் எட்டிப் பார்த்துக் கூடவே சொன்னார். நான் பயத்தில் சிரித்தேனா, சந்தோஷத்தில் சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு ஹேர்பின் வளைவில் எதிரே வந்த மினி பஸ் டிரைவர், நாங்கள் போடும் கூச்சலைக் கேட்டுக் கல்யாண வண்டி என்று நினைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அடிவாரத்தில் இருபத்துமூன்று. கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பாய் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார். “இந்த வண்டியே இருக்கட்டும். பொம்பள மலையிலேர்ந்து எறக்குன வண்டி, நானும் கத்துக்கறேன்.”

விற்றாயிற்று, நல்ல லாபமும் நின்றது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அப்போதுதான் என் சந்தோஷம் சுருங்கியது. அந்நிய மனிதர் முன்னால் அவர் மானத்தை வாங்கிவிட்டேனே, விற்றும் அவர் போய்விட்டால் நான் ஜெயித்து என்ன லாபம் என்று பதறினேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆணியில் பை இல்லை.

வாசலுக்கு ஓடினேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தார். லுங்கியும் போர்வையும் வெளியே கிடந்தன. உள்ளே தண்ணீர் பாட்டில், ஒரு டவல், ஒரு காகிதப் பொட்டலத்தில் எலுமிச்சம்பழம்.

“எட்டு இருக்குது. ரெண்டு வண்டிக்குச் சரியா வரும்,” என்றார். “சீக்கிரம் குளி. பெங்களூர் பஸ்ஸு போயிரும்.”

நான் குளிக்கப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், பிறகு சத்தமாகச் சிரித்தேன்.

புதிதாக வாங்கிய இரண்டு வண்டியிலும் ஒரே அளவு சார்ஜ் போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்து கிளம்பினோம். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தை முடித்து, கீழே ஒரு டீக்கடையில் நிறுத்திக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. லாரிக்காரர் எனக்கு முன்னால் அல்லவா வந்திருக்க வேண்டும்? டீ ஆறிப்போன பிறகு அவருடைய வெள்ளைக் கார் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் அவரை ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டின.

இறங்கியதும் நேராக என் வண்டிக்குள் தலையை விட்டு, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வண்டியைக் காட்டினார்.

“பாரு,” என்றார். “உன்னுதவிட ஒண்ணு ஜாஸ்தி.”