மிச்சத் தண்ணீர்

எங்கள் வீட்டில் துணிப்பைகள் பதினான்கு. பன்னிரண்டு, கல்யாணங்களில் தாம்பூலத்தோடு வந்தவை. இரண்டு, என் பழைய வேட்டியைக் கொடுத்துத் தைத்து வாங்கியவை. எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். காய் வாங்கக் கீழே போன பிறகுதான் பை எடுக்காதது நினைவு வரும். லிப்ட்டில் ஏறினால் மின்சாரம் வீண் என்று மூன்று மாடியும் படியேறி வருவேன். படிகள் ஐம்பத்து நான்கு.

"பைக்காக ஏறுறீங்க, எறங்குறீங்க. அப்பால முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீங்க. அந்தத் தைலம் பிளாஸ்டிக் டப்பியிலதான் வருது. அதையும் கணக்குல எழுதிக்குங்க" என்பாள் என் மனைவி.

நான் முப்பத்திரண்டு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஓய்வு பெற்றுத் திருப்பதியில் இந்தப் பிளாட்டுக்குக் குடிவந்த முதல் கோடையிலேயே போர்வெல் வற்றி, தண்ணீர் லாரி வர ஆரம்பித்தது. அன்றிலிருந்து பக்கெட்டுகளை எண்ணுகிறேன். அரிசி கழுவிய தண்ணீர், வடிகட்டும் மெஷின் கழித்துவிடும் தண்ணீர் எல்லாம் பால்கனித் தொட்டிகளுக்குப் போகும். தொட்டிகள் ஒன்பது. கறிவேப்பிலைதான் பெரியது.

திருப்பதியில் வீடு வைத்திருப்பவனுக்கு விருந்தாளி வராத மாதம் கிடையாது. நகரியிலிருந்து, புத்தூரிலிருந்து, என் அண்ணன் மகளின் ஓரகத்தி வரைக்கும் வருவார்கள். மலைக்குப் போகுமுன் ஒரு குளியல், மொட்டை போட்டு வந்து இன்னொரு குளியல். அதனால் குளியலறைக் கதவில் "ஒருவருக்கு இரண்டு பக்கெட்" என்று எழுதி ஒட்டினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்தவர்கள் செல்போனில் படம்தான் எடுத்துக்கொண்டார்கள்.

விருந்தாளிகள் விட்டுப்போகும் இன்னொன்று, பாதி குடித்த பாட்டில். ஜன்னலில், டிவி மேல், கட்டிலுக்கு அடியில் என்று ஒரு தடவைக்கு நாலைந்து கிடக்கும். அந்த மிச்சத்தையெல்லாம் சேர்த்து மத்தியானம் செடிகளுக்கு ஊற்றுவது என் வேலை.

போன புரட்டாசியில் சித்தூரிலிருந்து எங்கள் சம்பந்தியம்மா தன் தங்கையோடு வந்தார். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அவர் எங்கள் வீட்டில் தங்க வருவது அதுதான் முதல் தடவை. அவர் வருவதற்கு முன்னால் என் மனைவி கதவில் இருந்த தாளைக் கிழித்துவிட்டாள்.

"ரெண்டு நாளைக்கு வாயால எண்ணாதீங்க. மனசுல எண்ணிக்குங்க, நான் வேணான்னு சொல்லல" என்றாள்.

மனசில் எண்ணினேன். சம்பந்தியம்மா மூன்று, அவர் தங்கை ஐந்து.

வெள்ளிக்கிழமை காலை தரிசனம் முடித்து மத்தியானம் இறங்கி வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள். நான் என் வேலையைப் பார்த்தேன். ஜன்னலில் ஒரு கண்ணாடி பாட்டில், கழுத்துக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர். மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, கண்ணாடியில்தான் விற்கிறார்கள். வழியில் குடித்தது போக மிச்சம் என்று நினைத்தேன். கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நாலு மணிக்குக் காப்பி குடித்துக்கொண்டே சம்பந்தியம்மா சொன்னார்: "வருஷா வருஷம் அவுருதான் அலிபிரியிலேந்து மலைக்கு நடந்து போவாரு, அண்ணா. முட்டி ஆபரேஷன் ஆனதுலேந்து வரிசையில நிக்க முடியல. இந்த வருஷந்தான் மொதல் தபா போவல. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. பாபவிநாசத் தீர்த்தம் புடிச்சாந்து குடு, நாளைக்குக் கடைசி சனிக்கிழமை, தலைக்கு ஊத்திக்கினு அப்பால துன்றேன்னாரு. கண்ணாடி பாட்டில்ல புடிச்சாந்து வெச்சிருக்கேன்."

காப்பியைப் பாதியில் வைத்தேன். மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போனேன். அந்தப் பாட்டிலை எடுத்து, மெஷினில் தண்ணீர் பிடித்து, கழுத்துக்கு நாலு விரல் கீழே நிறுத்தினேன். வெளியே துடைத்தேன். திரும்பினால் வாசற்படியில் என் மனைவி நிற்கிறாள்.

"அளவு செரியா இருக்குதா?" என்றாள், தாழ்ந்த குரலில்.

நான் பாட்டில் மூடியைத் திருகினேன்.

"நீங்க ரொப்பினா ஒரு சொட்டு கூட கொறையாது. அது எனக்குத் தெரியும்."

"தெரியாம ஊத்திட்டேன். இப்ப யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுது. அந்த மனுஷன் நாளைக்கு வெறும் வயித்தோட குந்திக்கினு இதை நம்பித் தலையில ஊத்திக்குவாரு. நம்ம பொண்ணு பக்கத்துல நின்னு துண்டு எடுத்துக் குடுக்கும்."

பாட்டிலோடு கூடத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். நில அளவையில் ஒரு எல்லைக்கல்லைத் தள்ளி நட்டதை மேலதிகாரியிடம் சொல்லும்போது கூட நாக்கு அப்படி ஒட்டியதில்லை. சம்பந்தியம்மா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தங்கைக்குத்தான் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு சம்பந்தியம்மா வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, என்னையே பேசச் சொல்லிக் கையில் கொடுத்தார்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "எந்தச் செடிக்கு, சம்பந்தி?" என்றார்.

"கறிவேப்பிலைக்கு."

"பரவால்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த 'அடுத்த வருஷ'த்தைத்தான் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவருக்கு எழுபத்தொன்று, எனக்கு எழுபத்து மூன்று.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள கொண்டாந்து தரேன்" என்று சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாவும் தங்கையும் சாயங்காலமே சித்தூருக்குக் கிளம்பினார்கள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் மலைக்குப் போகும் மின்சாரப் பஸ்ஸில் ஏறினேன். சத்தமில்லை, புகையில்லை. மற்ற நாளாக இருந்தால் அதைப் பற்றிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசியிருப்பேன். அன்றைக்கு ஸ்டீல் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மணியையே பார்த்தேன். அலிபிரியில் சோதனைக்கு இறக்கினார்கள். காவலர் என் துணிப்பையைத் திறந்தார். உள்ளே இன்னொரு துணிப்பை. அதற்குள் இன்னொன்று.

"இதி ஏமிடி சார்?" என்று தெலுங்கில் கேட்டார்.

"ஒண்ணு மறந்தா இன்னொண்ணு" என்றேன். பையை மூடிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

புரட்டாசிக் கூட்டம். மலையில் இறங்கி, பாபவிநாசத்துக்கு வேறு வண்டி பிடித்து, வரிசையில் நின்று தண்ணீர் பிடிப்பதற்குள் ஏழரை ஆகிவிட்டது. இறங்கி வந்து சித்தூர்ப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அவர்கள் வீட்டு வாசலை மிதித்தபோது மணி பத்து நாற்பது.

சம்பந்தி கிணற்றடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். என் மகள் பக்கத்தில் காய்ந்த துண்டோடு நின்றாள்.

"நாப்பது நிமிஷம் லேட்டு" என்றார். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன், சொல்லல. அதனால நான் சொல்றேன்."

"இன்னும் எதுவும் துன்னலியா?"

"எப்டித் துன்றது? உங்க பொண்ணு ஒரு வாய் காப்பி கூட குடுக்கல. எங்க அப்பா வருவாரு, மாமா, சொன்னா வருவாருன்னு எட்டு மணியிலேந்து சொல்லிக்கினே இருக்குது."

பாட்டிலைத் திறந்து நானே அவர் தலையில் ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். ஆபரேஷன் செய்த முட்டியில் தண்ணீர் வழிந்து கீழே இறங்கியது. கடைசியில் என்னைக் கேட்காமலே பாட்டிலை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் இருந்தது.

"இது மிச்சம். கறிவேப்பிலைக்கு எடுத்துக்கினு போங்க, சம்பந்தி. நேத்து ருசி பாத்திருச்சி இல்ல."

கிணற்றடியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்தான் அதிகம்.

"குளிச்சது ரெண்டு பக்கெட்டுதான்" என்றார், துண்டை வாங்கிக்கொண்டே. "அந்தச் சீட்டை உங்க பொண்ணு செல்லுல பாத்தேன். எழுதிக்குங்க."

சாயங்காலம் ஐம்பத்து நான்கு படியும் ஏறி வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கதவைத் திறந்து, என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"மலைக்கு எத்தனை வளைவு?"

"எண்ணல" என்றேன்.

நம்பாமல் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள்.