ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

கால்விரல் கறுத்த அன்றும் ஊசி போட்டுக்கொண்டுதான் மீன் விற்கப் போனேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒருவரும் நம்பவில்லை.

மாமல்லபுரம் கரையில் மீன் எடுத்து, பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் விற்பவள் நான். மாத்திரைக்குச் சர்க்கரை இறங்காததால் இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் ஊசி மருந்து) எழுதினார்கள். ஊசி போடக் கற்றுத்தந்த நர்ஸம்மா, "போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில உருட்டு. பிரிட்ஜ் இல்லன்னா ஜில்லுன்னு எங்கனா வை" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மீன்காரி வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்? குளிர் கூடக் கல்லுப்பு தூவிய ஐஸில், வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் பாட்டிலைப் புதைத்து வைத்தேன். காலையில் கட்டியாக இருக்கும். உருட்டச் சொன்னது இதற்குத்தான் என்று நினைத்து, இளகும்வரை உருட்டுவேன்.

மூன்று மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. செருப்பு கடித்த புண் ஆறாமல் இடதுகால் சுண்டுவிரல் அழுகியது. டாக்டர் சீட்டைப் பார்த்தார். "ஒழுங்கா போட்டிருந்தா இப்படி ஆவாது. பொய் சொல்லாதம்மா."

கூட வந்த என் மகள் அழுதாள்.

விரலை எடுத்தபின், கட்டு மாற்ற வந்த வேறொரு டாக்டர், சின்னப் பெண், "மருந்த எங்கம்மா வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஐஸுலதான் வச்சிகினு கீறேன், கண்ணு."

அவர் கை நின்றது. "ஒருவாட்டி உறைஞ்சிட்டா அந்த மருந்து வேலை செய்யாதும்மா. யாரும் சொல்லலயா?"

யார் சொன்னார்கள்? ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை, பொய்க்காரி என்று சொல்ல மட்டும் நேரமிருந்தது. அப்படிச் சொன்னவர் மறுநாளும் என் கட்டிலைத் தாண்டிப் போனார்.

இப்போது மருந்து, அந்தச் சின்ன டாக்டர் சொன்னபடி மண்பானைத் தண்ணீருக்குள் மூடிய டப்பாவில் நனையாமல் இருக்கிறது. சர்க்கரை இறங்கியிருக்கிறது. என் பொழுது ஊசியில் தொடங்கி ஊசியில் முடிகிறது. மணலில் நடந்தால் இல்லாத விரல் இன்னும் சுடுகிறது. ராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

போன வாரம் ஏலக்கரையில், புதிதாக ஊசி போட ஆரம்பித்த ஒருத்தியிடம் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"ஐஸ் பொட்டிலதான்க்கா. ஜில்லுன்னு வைக்க சொன்னாங்களே."

குனிந்து அவள் காலைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன.

"கூடைய எறக்கு. மொதல்ல பானை வாங்கலாம், வா."