உட்காரப் போகிறவளைக் கேட்காமல் போட்ட சீட்

இரண்டு வாரத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், என் மனைவி ஸ்டெல்லாவை வாசலுக்குக் கூப்பிட்டேன். ஜீப் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே புத்தம் புது சீட்கள்.

புத்தம் புது என்றால்... திருச்சியில் ஒரு காயலான் கடையில் வாங்கியவை. அடிபட்டு வந்த ஒரு விலை உயர்ந்த காரில் சீட்டுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. முதுகுக்குத் தனி மேடு, கழுத்துக்குத் தனி மெத்தை, சாய்த்துக்கொள்ள லிவர். என் பழைய ஜீப்புக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காத சொகுசு.

"ஏறு ஏறு" என்றேன். கையில் செல்போன். அவள் முகம் மலர்வதை வீடியோ எடுக்க வேண்டுமே!

ஸ்டெல்லா ஏறினாள். முதல் தடவை ஏற முடியவில்லை. இரண்டாம் தடவை கம்பியைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின.

"ஏங்க, காலை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

நான் வீடியோவை நிறுத்தினேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஜீப்பைத் தெரியும். எத்தனை வாரம் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! அது ஏறாத மேடு இல்லை, இறங்காத கண்மாய் இல்லை என்று எழுதினேன். உங்களில் பலர் என்ன மாடல், என்ன மைலேஜ் என்றெல்லாம் கடிதம் போட்டீர்கள். பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அந்த சீட் நாலு வருஷமாகக் காலி.

ஸ்டெல்லா பள்ளிக்கூட ஆசிரியை. முப்பது வருஷம் நின்றே பாடம் நடத்தியவள். முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. டாக்டர் ஸ்கூட்டர் கூடாது என்றார், குலுங்கும் வண்டி கூடாது என்றார். "ஜீப்பு சீட்டை மட்டும் மாத்துனா நான் வருவேன்ங்க" என்று அன்றைக்கே சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குலுங்கலைன்னா அது ஜீப்பா?"

அதை ஒரு ஜோக்காக நாலு இடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

அவளே பஞ்சு அடைத்து ஒரு தலையணை தைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் அதை முதுகுக்கு வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். அந்தப் பெரிய வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள். என் ஜீப்பைச் சுற்றி நின்று பையன் வீட்டார் செல்ஃபி எடுக்க வந்தார்கள். பூப்போட்ட தலையணை அசிங்கமாக இருக்கிறதே என்று அதை எடுத்துப் பின்னால் வீசினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்தாள். அதற்குப் பிறகு ஜீப்பில் ஏறவில்லை.

போகட்டும், ஜீப்பில் ஏறாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்? அதையும் சொல்லிவிடுகிறேன். நாச்சியாபுரம் பக்கம் உள்ள தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், கடைசி மூன்று கிலோமீட்டர் கண்மாய்க்கரை. பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜீப் ஒன்றுதான் வழி.

அந்தத் தோட்டம் அவளுடையது. அவள் அப்பா வாங்கியது. பட்டா அவள் பெயரில்.

"என் தோட்டத்து மாம்பழம்" என்று இந்தப் பக்கத்தில் எழுதினேனே, அதே தோட்டம்தான். நாலு வருஷமாக வாராவாரம் நான் போனேன். சொந்தக்காரி வீட்டில் இருந்தாள்.

சரி, இப்போது எப்படி ஞானம் வந்தது? ஞானம் எல்லாம் வரவில்லை. முதுகுவலி வந்தது. எனக்கு! சித்திரையில் ஒரு நாள் காலையில் குனிந்தவன் நிமிர முடியவில்லை. மூன்று நாள் படுக்கை. அதே டாக்டர், அதே அறிவுரை. "சீட்டை மாத்துங்க சார், இல்ல வண்டிய விட்டுருங்க." அன்று சாயங்காலமே மெக்கானிக் பாண்டிக்கு போன் போட்டேன். இதில் வெட்கப்பட ஏதாவது இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பாண்டி நல்ல வேலைக்காரர். இந்த மாதிரிப் பழைய ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்க் இருக்கும். கார் சீட்டை அப்படியே வைக்க முடியாது. இரும்புச் சட்டம் அடித்து, உயரத்தைத் தூக்கித்தான் மாட்ட வேண்டும். டிரைவர் சீட் உயர்ந்தால் பக்கத்து சீட்டும் அதே உயரத்துக்கு வந்தால்தான் பார்வைக்கு லட்சணம். அப்படித்தான் நான் சொன்னேன்.

"அண்ணே, அக்காவ ஒருக்கா கூட்டியாங்கண்ணே. உக்கார வச்சு அளவு பாத்துக்கிருவோம்" என்றார் பாண்டி.

"வேணாம் பாண்டி. சர்ப்ரைஸ்!"

"அப்ப பக்கத்து சீட்டுக்கு யாரு அளவுண்ணே?"

"நான்தான் இருக்கேன்ல?"

நான் ஐந்தடி பத்து. ஸ்டெல்லா ஐந்தடியைத் தொட மாட்டாள். நாற்பது வருஷம் கூடவே இருப்பவளின் உயரம் எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஞாபகத்துக்கு வரவில்லை.

வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனேனா? அதுதான் இல்லை. நம் பக்கத்தில் புதுச் சாமான் வாங்கினால் நாலு பேருக்குக் காட்டாமல் தூக்கம் வராது. டீக்கடை வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். கொத்தமங்கலத்துச் சிநேகிதர், ஆறடி ஆள், சாய்ந்து படுத்தே விட்டார். "ஏசி பஸ் கணக்கா இருக்குய்யா!" என்றார். பங்குச் சாமியாரிடம் கொண்டுபோனேன். ஃபாதர் தண்ணீர் தெளித்து மந்திரித்துவிட்டு அவரும் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா உக்காந்து பாத்தாகளா?" என்றார்.

"இன்னும் இல்ல ஃபாதர். சர்ப்ரைஸ்."

ஆக, ஸ்டெல்லாவுக்கென்று போட்ட சீட்டில் ஊரே உட்கார்ந்து சர்டிபிகேட் கொடுத்த பிறகு, கடைசியாக ஸ்டெல்லா உட்கார்ந்தாள். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"பழைய சீட்ல முதுகு மட்டுந்தான் வலிச்சுச்சு. இதுல காலும் சேந்து மரத்துப் போகும் போலருக்கே" என்று சொல்லிவிட்டு மெதுவாக இறங்கினாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?"

எனக்குக் கோபம் வந்தது. தப்பு நம் பக்கம் இருக்கும்போது வரும் கோபம் இருக்கிறதே, அதற்கு வேகம் அதிகம்.

"ஒனக்காகத்தானே இவ்வளவும் செஞ்சேன்!"

"எனக்காகவா?" அவள் குரல் உயரவில்லை. "ஒங்களுக்கு முதுகு புடிச்சதுக்கு அப்பறந்தான மாத்துனீக?"

உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் நின்றேன்.

நம் ஆண்களுக்கு சர்ப்ரைஸ் கொடுப்பது ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? கேட்கும் வேலை மிச்சம். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதன்படி நடக்க வேண்டும். சர்ப்ரைஸில் அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நமக்குப் பிடித்ததை நாமே செய்துவிட்டு, நன்றி மட்டும் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.

புதன்கிழமை பாண்டி போன் செய்தார். "அண்ணே, அக்கா ஆட்டோவுல வந்து பட்டறையில உக்காந்துருக்காக. வண்டியக் கொண்டாங்க."

போனேன். என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாண்டியிடம்தான் பேசினாள். இவ்வளவு இறக்கு, முன்னால் இன்னும் கொஞ்சம் தள்ளு, ஏறுவதற்கு இங்கே ஒரு படி வை... வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி தெளிவாகச் சொன்னாள். பாண்டி சட்டத்தை அறுத்தார், இறக்கினார், வெல்டிங் வைத்தார். அவளை உட்காரவைத்துப் பார்த்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு வருஷம் இழுத்த வேலை.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். கண்மாய்க்கரையில் வண்டி ஆடும்போதெல்லாம் நான் திரும்பித் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வலிக்கிறதா என்று இந்தத் தடவை கேட்டேன். "இல்ல" என்றாள். அவள் கண்மாய்த் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் கரையோரம் எவ்வளவு கருவேலம் முளைத்துவிட்டது என்று அவளாகவே சொன்னாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் கருப்பையா இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் வேலைக்கு வந்தவர், நல்ல மனிதர். ஸ்டெல்லாவை அவர் பார்த்ததே இல்லை. கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டார்.

"வாங்கம்மா. அம்மா இங்குட்டு வர்றது இதான் மொத தடவையா? வாங்க, சார் தோட்டத்தச் சுத்திக் காட்டுறேன்."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இது பங்கனபள்ளி, இது நாட்டு மா என்று விளக்கினார். கிணற்றருகில் நிறுத்தி, "இந்தக் கெணறு கோடையிலயும் வத்தாதும்மா. சார் கைராசி" என்றார்.

அந்தக் கிணறு தோண்டும்போது ஸ்டெல்லா ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருந்தாள். வெட்டுகிறவர்களுக்கு அவள்தான் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் வந்த அன்று அவள் அப்பா முதல் வாளியை அவள் கையில்தான் கொடுத்தாராம். எனக்கும் அவளுக்கும் அப்போது கல்யாணமே ஆகவில்லை.

கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. நான் மாமரத்தில் காய் எவ்வளவு என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன்.

"ஆமாப்பா, மொத தடவைதான். நல்லா வச்சிருக்கீக" என்று கருப்பையாவிடம் சொன்னாள் ஸ்டெல்லா.

திரும்பும்போது அவள் சீட்டில் சாயவே இல்லை. நேராக உட்கார்ந்து வந்தாள்.

தோட்டம் அவளுடையது என்று கருப்பையாவிடம் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னமோ, வாய் வரவில்லை.

இதோ, அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.