பதினெட்டாம் நாள்

நம்பினால் நம்புங்கள். இல்லாவிட்டால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நான் கடிகாரம் பழுதுபார்க்கிறவன். முப்பத்தோரு வருஷமாகக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பல்சக்கரம் பார்த்த ஆள். இதில் வரும் நேரமெல்லாம் சரியான நேரம்.

என் மனைவி பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுகிறவள். நான் அவளைக் 'கன்ட்ரோலர்' என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். எங்கள் பழைய வேனில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு, நாட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போய்த் திரும்ப வேண்டும். முப்பத்து நான்கு நாள். எங்களுக்குள் ஒரு முறை உண்டு. எந்த நாள் எங்கே தங்குவது என்று நான் பென்சிலில் எழுதுவேன். அவளுக்குச் சம்மதம் என்றால் அதன்மேலேயே பச்சை மையில் எழுதுவாள். பச்சை ஆகிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது. வேலை முழுசாக முடியும்வரை பேனாவுக்கு மூடியும் போடமாட்டாள். மை காய்ந்துவிடும் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன்.

ஒன்பது வருஷம் திட்டம் மட்டும்தான் போட்டோம். மகள் படிப்பு, வேனின் கிளட்ச் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. பதினோரு மாதத்துக்கு முன் ஒருநாள், டிப்போவிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு கடையைத் திறக்க மனம் வரவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. கடைசியில் தனியாகவே கிளம்புவது என்று முடிவு செய்தேன். புதிய தாளில் பதினேழு நாளுக்குப் பென்சிலில் எழுதினேன். பதினேழாம் நாள், அந்தக் கரையில் கடலைப் பார்த்த பாறைமேல் ஒரு முகாம். அதோடு நிறுத்திவிட்டேன்.

மகள் ஃபோனில் கேட்டாள். "திரும்பி வர்றதுக்கு எழுதலையாப்பா?"

"போய்ப் பார்த்துட்டு எழுதிக்கலாம்மா."

பொய். திரும்பி வரும் எண்ணமே எனக்கு இல்லை. அவள் இல்லாத வீட்டுக்கு எதற்காக வரவேண்டும்?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கூடத்திலேயே கூடாரத்தைக் கட்டி நிறுத்தியிருந்தேன். ஜன்னல் நிறைய வெயில். இப்படிப்பட்ட கதைகளில் கடிகாரம் நின்றுபோகும் என்பார்கள். என் வீட்டில் எந்தக் கடிகாரமும் நிற்கவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

மணி 4.38. தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது பக்கத்தில் பச்சைப் பேனா கிடந்தது. மூடி இல்லை. அவள் மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து அலமாரியில் நான் பூட்டி வைத்த பேனா. நானே எடுத்து மறந்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூடியை எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

4.51. தாளில் முதல் நாளின் வரி பச்சையாக இருந்தது. தொட்டேன்... மை விரலில் ஒட்டியது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். 5.03. பதினேழு நாளும் பச்சை. ஏழு என்ற எண்ணின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அவள்தான் அப்படிப் போடுவாள்.

5.12. கூடத்தில் ஒரு சத்தம்.

ஸ்ஸ்ர்ர்ர்...

கூடாரத்தின் ஜிப். உள்ளேயிருந்து மூடும் சத்தம்.

பிறகு முணுமுணுப்பு. ஒரு பெண் குரல். வார்த்தை பிடிபடவில்லை.

எட்டிப் பார்த்தேன். வீட்டு ஃபோனின் ரிசீவர் அதன் இடத்தில் இல்லை. சுருள் வயர் விறைப்பாக நீண்டு... ஜிப்புக்கு அடியில்... உள்ளே போயிருந்தது.

"கன்ட்ரோலர்..."

பேச்சு நின்றது.

5.16.

திறந்தேன். யாரும் இல்லை.

உள்ளே அவளுக்கென்று நான் விரித்திருந்த பாயில் ரிசீவர் கிடந்தது. காதில் வைத்தேன். வெறும் டயல் டோன். ஆனால் ரிசீவர் கதகதப்பாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தினால் இல்லை. யாரிடமோ பேசியவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று அழுதேன்.

மேசைக்குப் போனபோது தாளின் கீழ்ப்பாதி நிறைந்திருந்தது. பதினெட்டாம் நாள் முதல் முப்பத்து நான்காம் நாள் வரை. எல்லாம் பச்சை, அடியில் பென்சில் எழுத்தே இல்லை. கடைசி வரி, 'வீடு. மாலை 6.10.'

மூன்று வாரம் கழித்துக் கிளம்பினேன். பதினேழாம் நாள் அந்தப் பாறைமேல் உட்கார்ந்து இருட்டும்வரை கடலைப் பார்த்தேன். சட்டைப்பையில் தாள் இருந்தது. பச்சை ஆகிவிட்டால் பேச்சே கிடையாது. மறுநாள் காலை வேனைத் திருப்பினேன்.

பதினெட்டாம் நாள், மாலை 5.40. ஓர் ஏரிக்கரை முகாம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"உங்களுக்கு இடம் எடுத்து வெச்சிருக்கு சார்."

"நான் பதிவு பண்ணலையே."

"உங்க வீட்டுக்காரம்மா பேசினாங்களே. ஞாயித்துக்கிழமை, சாயங்காலம்..." விரலால் வரியைத் தடவினார். "5.12. ஒரு ஆளுக்குத்தான்னாங்க. குறட்டை விடுவாரு, ஓரமா இடம் குடுங்கன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

"உங்க வேன் நம்பரையும் சொல்லி, வந்து சேர்ந்ததும் கூப்பிட ஒரு ஃபோன் நம்பர் குடுத்தாங்க. உங்க வேன் உள்ள நுழைஞ்சதுமே கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

நம்பரைப் பார்த்தேன். எங்கள் வீட்டு நம்பர்.

"யாரு எடுத்தாங்க?"

"அவங்கதான். 'வந்துட்டாரா, சரி. சாப்பிடச் சொல்லுங்க'ன்னு வெச்சுட்டாங்க."

வீடு பூட்டியிருந்தது. இருக்கும் ஒரே சாவி என் பையில் இருந்தது.

அன்று நான் சாப்பிட்டேன். மீதிப் பதினாறு நாளும் வேனை விரட்டினேன். அவள் எழுதிய நேரத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்ற ஒரே பதைப்பு.

முப்பத்து நான்காம் நாள், மாலை 6.10. கதவைத் திறந்தேன். கூப்பிட்டேன்.

யாரும் இல்லை. ஃபோன் சில்லென்று இருந்தது.

மேசைமேல் பச்சைப் பேனா.

மூடி போட்டிருந்தது.