கழுவி வந்த தூக்குவாளி

நைனாவின் தூக்குவாளியைத் திறந்தால் ஏரித் தண்ணீர் வாசனை வந்தது... குழம்பு வாசனை துளியும் இல்லை.

எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. படகில் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தை அலசிக் கொண்டுவரும் ஆம்பளையை எங்கள் ஊரில் யார் பார்த்திருக்கிறார்கள்? மற்ற வீடுகளுக்கு மீன்முள்ளும் காய்ந்த சோறுமாகத்தான் தூக்கு திரும்பும். எங்கள் வீட்டுக்கு மட்டும் பளிச்சென்று வந்தது.

அப்போது நான் சென்னையில் முதல் வேலையில் இருந்தேன். சனிக்கிழமை பழவேற்காட்டுக்கு பஸ், அங்கிருந்து பசியாவரத்துக்குப் படகு. திங்கள் காலையில் திரும்பிவிடுவேன்.

நைனாவுக்கு மலக்குடலில் கேன்சர். ரேடியேஷன் கொடுத்து, ஆபரேஷனில் கெட்ட பகுதியை எடுத்து, மீதிக் குடலை ஒட்டியிருந்தார்கள். ஒட்டு ஆறும்வரை மலம் சேர வயிற்றில் ஒரு பை. "இந்தப் பையக் கட்டிக்கினு படகு ஏற மாட்டேன்" என்று வீட்டிலேயே கிடந்தார். பிறகு பையை எடுத்து, குடலை உள்ளே வைத்துத் தைத்தார்கள். வியாதியும் போயிற்று, பையும் போயிற்று. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

ஆனால் ஒவ்வொரு வாரமும் நைனா இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது.

ஆளுக்கொரு சந்தேகம். அம்மாவுக்கு, நைனாவோடு வலை போடும் ஏழுமலை மாமா மேல். "அந்த ஆளுதான் ஊத்திக் குடுத்து கெடுக்கறான். சரக்கு போட்டா சோறு எறங்குமா?"

மாமாவுக்கோ எங்கள் மேலேயே. "இன்னாம்மா, வூட்ல சோறு போடறீங்களா இல்லியா? பாடு அன்னிக்கு படகுல பல்லி மாரி ஒட்டிக்கினு கெடக்கறான்."

பாடு என்பது எங்கள் ஏரியில் முறை. இன்ன நாளில், இன்ன இடத்தில் இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊரே பிரித்துக் கொடுப்பது. நம் நாளில் போகவில்லையென்றால், முறை சுற்றி வரும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான். நைனா ஒரு பாட்டையும் விடவில்லை. நிற்கவே தெம்பில்லாதவர், அன்றைக்கு மட்டும் எப்படிப் போகிறார்?

என் சந்தேகம் வேறு. கேன்சர் திரும்பிவிட்டது. நைனாவுக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்று மறைக்கிறார்கள்... "ஸ்கேன் நல்லா இருக்கு" என்று டாக்டர் சிரித்ததாக அம்மா சொன்னால், அந்தச் சிரிப்பைக்கூட நான் நம்பவில்லை.

ஒரு திங்கள் காலை பழவேற்காட்டுக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் நைனாவின் படகு. அதன்மேல் கடற்காக்கைகள் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அக்கா சிரித்தாள்.

"பாருடி, உங்க நைனா காக்காவுக்குப் படையல் போடறாரு!"

மற்றவர்கள் வலைப் பக்கம் குனிந்திருந்தார்கள். நைனா இந்தப் பக்கம் குனிந்து, அம்மா கட்டிக் கொடுத்த சோறு முழுவதையும் ஏரியில் கொட்டினார். பிறகு தூக்கை முக்கி அலசினார்.

நான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த படகிலேயே திரும்பி, கரையில் காத்திருந்தேன்.

"சோத்த ஏன் கொட்ன? திரும்ப வந்துடுச்சா? உண்மையச் சொல்லு நைனா."

"இன்னாது வந்துடுச்சா?" விழித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் இல்லம்மா. துன்னா வயிறு நிக்க மாட்டேங்குது. போயிட்டு வந்து ஒக்காரச்சொல்லவே மறுபடி போவணும். அடக்கவும் முடியல. எல்லாரும் வலை இழுக்கச்சொல்ல நான் மட்டும் எறங்கி ஏறி, எறங்கி ஏறி... இன்னா நெனப்பானுங்க? பாட்டுக்கு மொத நாளே வாயக் கட்டிட்டா, வயிறு சும்மா கெடக்குது."

"டாக்டருகிட்ட சொல்லலியா?"

"அவரு கட்டி வந்துச்சான்னு பாக்கறாரு. வரலன்றாரு. உசுரக் குடுத்த மனுசங்கிட்ட போயி இதக் குறை சொல்றதா?"

நம்பினேனா? இல்லை. இதுவும் எனக்காகக் கட்டிய கதையாக இருக்கலாம். அடுத்த செக்கப்புக்கு நானே கூடப் போனேன்.

"நல்லா இருக்கார்" என்றார் டாக்டர்.

"அப்போ ஏன் சார் சாப்பிட மாட்டேங்கிறார்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாத்ரூம் போறது எப்படிப்பா இருக்கு?"

நைனா என்னைப் பார்த்தார். நான் வெளியே போய் நின்றேன்.

கதவு வெகுநேரம் திறக்கவில்லை... உள்ளே எதையோ பேசி முடிவு செய்கிறார்கள் என்று மறுபடியும் அதே பயம். கடைசியில் டாக்டரே கூப்பிட்டு விளக்கினார். அடிக்குடலை எடுத்துவிட்டதால் மலத்தைத் தேக்கி வைக்க இடமில்லை. பலருக்கு இப்படி ஆவதுண்டு. மாத்திரை, சாப்பாட்டு முறை, தசைப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எதுவும் போதவில்லையென்றால் நிரந்தரமாக ஒரு பை.

எல்லாம் பார்த்தோம். குறைந்தது, ஆனால் போதவில்லை. கடைசியில் நைனாவே கேட்டார். "பையே வெச்சிடுங்க சார்."

அம்மா நம்பவேயில்லை. "கட்டி வந்துடுச்சு. அப்பனும் பொண்ணும் சேந்து மறைக்கிறீங்க" என்று அழுதாள்.

"வந்திருந்தா உங்கிட்ட சொல்லாம எவகிட்டடி சொல்லப் போறேன்? மொதல்ல சோத்தப் போடு" என்றார் நைனா.

அந்தப் பையோடு பல வருடங்கள் பாட்டுக்குப் போனார். முழங்கால் விட்டுப்போனதால்தான் நிறுத்தினார்.

அப்போது செக்கப் என்றால் ஸ்கேன் பேச்சு மட்டும்தான். இப்போது அழைத்துப் போனால் சாப்பாடு, தூக்கம், பை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் ஸ்கேனைத் தொடுகிறார்கள். நான் எழுந்து போகப் பார்த்தால், "ஒக்காரு, இன்னா இப்போ" என்கிறார் நைனா. அன்று கதவுக்கு வெளியே நின்ற அந்த என்னிடம் அதைச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும்...

சந்தேகம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. "நல்லா கீறேன்" என்று அவர் போனில் சொன்னால், பின்னால் அம்மா என்ன சொல்கிறாள் என்று காது தேடுகிறது. நேற்றும் அம்மா கத்தினாள்.

"பொய் சொல்றாருடி! டாக்டர் வேணான்ன கருவாட்ட ஒளிச்சி வெச்சித் துன்றாரு!"

"யாரு சொன்னது?" என்றார் நைனா.

வாயிலிருந்ததை விழுங்கிய பிறகுதான் அதையும் சொன்னார்.